சராசரிக்குள் அடங்காத ரேடான்

அமெரிக்க வீடுகளின் காற்றில் ரேடான் எவ்வளவு இருக்கிறது? 1986ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் இதற்கு ஒரு விடை வெளியானது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆந்தனி நீரோவும் குழுவினரும், நாட்டின் பல பகுதிகளில் யார் யாரோ தனித்தனியாக எடுத்து வைத்திருந்த அளவீடுகளைத் திரட்டி ஒரே கணக்காக்கினார்கள். அவர்கள் கொடுத்த சராசரி ஒன்றல்ல, இரண்டு. இன்றைய அலகில் சொன்னால், ஒரு கன மீட்டர் காற்றுக்கு 55 பெக்கெரல் என்பது ஒன்று. 36 பெக்கெரல் என்பது மற்றொன்று. இரண்டுமே சரியான விடைகள்தான்.

முதலாவது பள்ளிக்கூடத்துக் கூட்டுச் சராசரி: எல்லா வீட்டு அளவுகளையும் கூட்டி, வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. இரண்டாவது பெருக்குச் சராசரி: அளவுகளின் மடக்கைகளை எடுத்து, அவற்றுக்குச் சராசரி கண்டு, மறுபடி சாதாரண எண்ணாக மாற்றினால் வருவது. பெரியவர்களின் உயரத்தை இந்த இரண்டு வழியிலும் கணக்கிட்டால் விடைகளுக்குள் வித்தியாசம் தெரியவே தெரியாது. ரேடானிலோ ஒன்று மற்றதைப்போல் ஒன்றரை மடங்கு. இந்த வாயுவின் குணம் முழுவதும் அந்த ஒன்றரை மடங்குக்குள் இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்த நினைக்கும் அரசுகளின் தலைவலியும் அங்கேதான்.

ரேடானுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆர்கான், நியான் போல எதனோடும் எளிதில் சேராத வாயு. மண்ணிலும் பாறையிலும் எங்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடக்கும் யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான். இந்தச் சங்கிலியில் அதற்கு முன்னால் வருபவையும் பின்னால் வருபவையும் திடப்பொருள்கள். நடுவில் இது ஒன்றுதான் வாயு என்பதால், மண்ணை விட்டுக் கிளம்பி வர இதனால் மட்டும் முடிகிறது. அரை ஆயுள் 3.8 நாள். மூச்சில் உள்ளே போகும் ரேடானில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். ஆபத்து அதன் வாரிசுகளிடம். பொலோனியம் 218, பொலோனியம் 214 ஆகியவை காற்றின் நுண்தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாய்ச் சுவரில் படிந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆல்ஃபா துகள்களை வீசுகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988ல் ரேடானை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

ஒரு பெக்கெரல் என்பது வினாடிக்கு ஓர் அணு சிதைவது. உலகச் சுகாதார நிறுவனம் 2009ல் வீடுகளுக்குப் பரிந்துரைத்த வரம்பு கன மீட்டருக்கு 100 பெக்கெரல். அது இயலாத நாடுகளும் 300ஐத் தாண்டக்கூடாது என்றது. 100 பெக்கெரல் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் நாலே முக்கால் கோடி ரேடான் அணுக்கள். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். அதே ஒரு கன மீட்டரில் உள்ள காற்று மூலக்கூறுகளின் எண்ணிக்கையோ, 25ஐ எழுதி அதன் பின்னால் 24 சைபர் போட்டால் வருவது. இவ்வளவு அற்பமான கலப்படத்தை எந்த வேதிச் சோதனையாலும் பிடிக்க முடியாது. சிதைவை எண்ணித்தான் பிடிக்க முடியும்.

மண்ணிலிருந்து கணக்கைத் தொடங்கலாம். உலகெங்கும் உள்ள மண்ணில் ரேடியத்தின் இடைநிலை அளவு கிலோவுக்கு 35 பெக்கெரல் அளவில் இருக்கிறது. அதிலிருந்து பிறக்கும் ரேடான் முழுவதும் வெளியே வராது. மண்துகளின் உட்பகுதியில் பிறந்தது அங்கேயே சிறைப்பட்டுச் சிதைந்துவிடும். விளிம்புக்கு அருகில் பிறந்தது மட்டும், ஆல்ஃபா துகள் பாயும்போது கிடைக்கும் பின்னுதைப்பில் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துக்குள் தெறித்து விழும். சாதாரண மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு இப்படித் தப்புகிறது என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 7 பெக்கெரல். ஒரு கன மீட்டர் மண் 1,600 கிலோ என்றால் 11,200. அந்த ஒரு கன மீட்டரில் வெற்றிடம் நூற்றுக்கு நாற்பது பங்குதான் என்பதால், அதற்குள் அடைபட்ட காற்றில் செறிவு கன மீட்டருக்கு 28,000 பெக்கெரல் ஆகிவிடுகிறது. யுரேனியச் சுரங்கம் எதுவும் இல்லாத, வெறும் தோட்டத்து மண்ணின் கணக்கு இது.

வீட்டுக் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இந்த மண்காற்று கலந்தால் போதும், 28 பெக்கெரல் வந்துவிடும். உலக வீடுகளின் பெருக்குச் சராசரியாக ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில் தந்த எண் 30.

கலப்பது எப்படி? குளிர்நாட்டில் வீட்டுக்குள் கணப்பு எரிகிறது. சூடான காற்று மேலே ஏறி மாடி இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று இழுபடுகிறது. இழுக்கும் அழுத்த வேறுபாடு சில பாஸ்கல்தான், வளிமண்டல அழுத்தத்தில் லட்சத்தில் சில பங்கு. ஆனால் அது இரவு பகலாக இழுக்கிறது. நிலவறைத் தளமும் சுவரும் சேரும் விளிம்பு, தண்ணீர்க் குழாய் நுழையும் துளை, கான்கிரீட்டில் விட்ட விரிசல் எல்லாம் வழிதான்.

இங்கே ஒவ்வொன்றும் வீட்டுக்கு வீடு மாறும். ரேடியம் மாறும், தப்பும் பங்கு மாறும், மண்ணின் ஈரம் மாறும். காற்றை விடும் தன்மையில் இறுகிய களிமண்ணுக்கும் சரளைக்கும் கோடி மடங்குக்கு மேல் வித்தியாசம் உண்டு. விரிசலின் அகலம் மாறும், ஜன்னலைத் திறக்கும் பழக்கம் மாறும். முக்கியமான செய்தி, இவை ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. மண்ணில் ரேடியம் இரண்டு மடங்காக இருந்து, அந்த மண் இரண்டு மடங்கு எளிதாகக் காற்றை விட்டால், வீட்டுக்குள் வருவது நாலு மடங்கு.

ஆறு காரணிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டுவோம். தலை விழுந்தால் ரேடான் இரட்டிப்பாகும், பூ விழுந்தால் பாதியாகும். தொடக்கம் 30 பெக்கெரல். ஆறு முறை சுண்டினால் விழக்கூடிய விதங்கள் 64. ஒவ்வொன்றையும் ஒரு வீடாகக் கொண்டால் 64 வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர். மூன்று தலை, மூன்று பூ விழுந்த 20 வீடுகளில் அதே 30 பெக்கெரல் நிற்கிறது. நாலு தலை விழுந்த 15 வீடுகளில் 120. ஐந்து தலை விழுந்த 6 வீடுகளில் 480. ஆறும் தலையாக விழுந்த ஒரே வீட்டில் 1,920. மறுபக்கம் 22 வீடுகளில் எட்டுக்கும் குறைவு.

இப்போது ஊரின் கூட்டுச் சராசரியைப் பார்த்தால் 114 வருகிறது. 64 வீடுகளில் 42 வீடுகளின் அளவு 30 அல்லது அதற்கும் கீழே. ஊரில் உள்ள மொத்த ரேடானில் கால்பங்குக்கு மேல் அந்த ஒற்றை வீட்டில் இருக்கிறது. மேலே உள்ள ஏழு வீடுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஊரில் யாரும் தவறு செய்யவில்லை, ஒருவர் வீட்டடியிலும் யுரேனியப் பாளம் புதைந்து கிடக்கவில்லை. ஆறு சுமாரான காரணங்கள் ஒரே பக்கம் சாய்ந்தன, அவ்வளவே.

அதே ஊரை மடக்கை அளவில் வரைந்தால் சாய்வெல்லாம் போய்விடும். பெருக்கல் மடக்கையில் கூட்டலாகிவிடுவதால், 1, 6, 15, 20, 15, 6, 1 என்று இருபுறமும் ஒத்த மணி வடிவம் கிடைக்கும். புள்ளியியலில் இதற்கு லாக்நார்மல் பரவல் என்று பெயர். ஃப்ரான்சிஸ் கால்டன் தூண்டிவிட, டொனால்ட் மெக்கலிஸ்டர் 1879லேயே இதன் கணிதத்தை எழுதிவிட்டார். வாயு கண்டுபிடிக்கப்படுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதற்கான வளைகோடு தயாராக இருந்தது.

நீரோ குழுவின் தரவும் இந்த வளைகோட்டில்தான் பொருந்தியது. நடு அளவு 36. சிதறலைக் காட்டும் எண் 2.84. சாதாரண மணி வடிவத்தில் ‘கூட்டக் கழிக்க’ என்போம்; இங்கே ‘பெருக்க வகுக்க’. 36ஐ 2.84ஆல் வகுத்தும் பெருக்கியும் பார்த்தால், அமெரிக்க வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஏறக்குறைய 13க்கும் 100க்கும் இடையில் இருக்கும். நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று வீடுகள் வரை 300ஐத் தாண்டும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இந்த அழகான வளைகோட்டைத் திணறவைத்த வீடு ஒன்று பென்சில்வேனியாவில் உண்டு. 1984 டிசம்பரில் லிமெரிக் அணுமின் நிலையத்தில், ஸ்டான்லி வாட்ரஸ் என்ற கட்டுமானப் பொறியாளர் கதிர்வீச்சு சோதனை வாசலைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி அடித்தது. வேலையிடத்தில்தான் எங்கோ கதிரியக்கம் ஒட்டிக்கொள்கிறது என்று தேடினார்கள். நிலையமோ அப்போது மின் உற்பத்தியையே தொடங்கியிருக்கவில்லை. ஒருநாள் அவர் வேலைக்குள் போகாமல், வந்த கையோடு சோதனை வாசலில் நுழைந்தார். மணி அடித்தது. கதிரியக்கம் வீட்டிலிருந்து வந்திருந்தது. பாயர்டவுன் அருகே இருந்த அவருடைய வீட்டுக் காற்றில் சுமார் ஒரு லட்சம் பெக்கெரல். யுரேனியம் மிகுந்த ‘ரெடிங் பிராங்’ என்னும் பாறைத்தொடரின் மீது அந்த வீடு நின்றது. குடும்பம் வெளியேற வேண்டியிருந்தது.

நாடு முழுவதற்குமான வளைகோட்டில் அந்த வீட்டைக் குறித்துப் பார்த்தால், நடுவிலிருந்து 7.6 திட்ட விலக்கத் தொலைவில் போய் விழுகிறது. அப்படியொரு வீடு அமைவதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டு, அன்றைய அமெரிக்காவின் ஏறக்குறைய ஒன்பது கோடி வீடுகளோடு பெருக்கினால், ஏழெட்டு லட்சம் அமெரிக்காக்களில் தேடினால்தான் ஒன்று அகப்படும். ஒரே அமெரிக்காவில் அது இருந்தது. ஆகவே வளைகோட்டின் நடுப்பகுதியை நம்பலாம், வாலின் நுனியை நம்பக்கூடாது. காரணம் எளிது. நாடு என்பது ஒரே பரவல் அல்ல. வண்டல் சமவெளிக்கு ஒன்று, கிரானைட் மேட்டுக்கு ஒன்று, ரெடிங் பிராங்குக்கு ஒன்று என்று பல பரவல்களைக் கலந்து கொட்டிய குவியல். கலவையின் நடுவை ஒரு சூத்திரத்தால் வரைந்துவிடலாம். ஓரத்தில் எந்தப் பாறை இருக்கிறது என்பதைச் சூத்திரம் அறியாது.

வாட்ரஸ் வீட்டைக் காப்பாற்றிய வழி இன்று அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பராமரிப்பு வேலை. தளத்துக்கு அடியில் குழாய் செருகி, சிறு விசிறியால் மண்காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விட்டுவிடுகிறார்கள். வீடு மண்ணை இழுப்பதற்கு முன் குழாய் இழுத்துக்கொள்கிறது. சில மாதங்களில் குடும்பம் திரும்பி வந்தது.

ஆனால் எந்த வீட்டுக்குக் குழாய் போடுவது? அதற்கு அளந்து பார்க்க வேண்டும். அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மலிவான வழி, கரித்தூள் அடைத்த தகர டப்பா. மூடியைத் திறந்து நிலவறையில் சில நாள் வைத்து, மறுபடி அடைத்துத் தபாலில் ஆய்வகத்துக்கு அனுப்பினால், கரி உறிஞ்சிய ரேடானின் வாரிசுகள் விடும் காமா கதிரை எண்ணிச் சொல்வார்கள். ஜன்னலெல்லாம் சாத்திய குளிர்காலத்தில், வீட்டின் மிகக் கீழான அறையில் எடுத்த அளவு அது. வருடம் முழுவதும் மனிதர் சுவாசிப்பதைவிட அதிகம் காட்டும். மற்றது சிஆர் 39 என்னும் நெகிழித் துண்டு. மாதக்கணக்கில் வீட்டில் கிடந்து, ஆல்ஃபா துகள் பட்ட இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத காயம் படும். பிறகு காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் காயங்கள் குழிகளாகப் பெரிதாகும், நுண்ணோக்கியில் எண்ணலாம். நிதானமானது, நம்பத்தக்கது, வீடு வாங்க அவசரப்படுபவர்களுக்கு ஒத்துவராதது.

இப்படித் திரட்டிய தரவில் புள்ளியியலாளர்களிடையே பெயர் பெற்றது மினசோட்டா மாநிலத்தின் தொகுப்பு: 85 கவுண்டிகள், 919 வீடுகள். ஃபிலிப் பிரைஸ், நீரோ, ஆண்ட்ரூ கெல்மன் மூவரும் 1996ல் இதை ஆராய்ந்தார்கள். செயின்ட் லூயிஸ் கவுண்டியில் 116 அளவீடுகள் இருந்தன. லாக் கி பார்ல் கவுண்டியில் இரண்டே இரண்டு. வெறும் சராசரியை வைத்துக் கவுண்டிகளை வரிசைப்படுத்தினால் உச்சியில் நின்றது லாக் கி பார்ல். பொதுவாகவே இது நடக்கும். சாய்ந்த பரவலிலிருந்து இரண்டு வீட்டைப் பொறுக்கினால், சில இடங்களில் இரண்டுமே வாலில் மாட்டிக்கொள்ளும். பட்டியலின் உச்சியில் வந்து உட்காருவது பெரும்பாலும் மண் மோசமான இடமல்ல, மாதிரி குறைந்த இடம். அதே காரணத்தால் பட்டியலின் அடியிலும் அத்தகைய இடங்களே கிடக்கும்.

அவர்களின் தீர்வு ஒவ்வொரு கவுண்டியையும் தனித்தீவாகப் பார்க்காமல் இருப்பது. அளவீடு நிறைய இருக்கும் கவுண்டியின் பேச்சை அப்படியே கேட்கிறார்கள். இரண்டே வீடு உள்ள கவுண்டியின் மதிப்பீட்டை, மாநிலப் போக்கை நோக்கி இழுக்கிறார்கள். விமானத்திலிருந்து எடுத்த காமா கதிர் ஆய்வு தரும் மண் யுரேனிய அளவையும் சேர்த்து, எந்தப் பக்கம் எவ்வளவு இழுப்பது என்று கணக்கே முடிவு செய்கிறது. இந்தத் தரவு இன்று பல்கலைக்கழகங்களில் பாடம். நிலவறையில் அளந்தால் தரைத்தளத்தைப்போல் இரண்டு மடங்கு வருகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதைவிட யோசிக்க வைப்பது வேறொன்று. மடக்கை அளவில், கவுண்டிகளுக்கு இடையிலான சிதறல் 0.33, ஒரே கவுண்டிக்குள் வீட்டுக்கு வீடு உள்ள சிதறல் 0.76. பக்கத்து ஊரோடு உள்ள வித்தியாசத்தைவிடப் பக்கத்து வீட்டோடு உள்ள வித்தியாசம் பெரிது. வண்ணம் தீட்டிய ரேடான் வரைபடத்தைப் பார்த்து ‘நம் ஊர் பச்சையில் இருக்கிறது’ என்று ஆறுதல் அடைபவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்ப்பது நல்லது.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், கொல்லத்தை அடுத்த கருநாகப்பள்ளியிலும் கதை வேறு. அங்கே மணலில் மோனசைட், அதில் தோரியம், அதிலிருந்து பிறப்பது தோரான் எனப்படும் ரேடான் 220. இதன் அரை ஆயுள் 55 வினாடி. ஆழத்திலிருந்து மேலே வந்து சேர்வதற்குள் சிதைந்துவிடும்; தரையின் மேற்பரப்பிலிருந்தும் சுவரிலிருந்தும் வருவதுதான் மிஞ்சும். ஒரே அறைக்குள் சுவரை ஒட்டி ஓர் அளவு, நடுவில் ஓர் அளவு. கருவியை எங்கே மாட்டினோம் என்பதைச் சொல்லாமல் தோரான் அளவைச் சொல்வதில் பொருளே இல்லை.

உடல்நலக் கணக்குக்கு வந்தால் சராசரி மறுபடியும் காலை வாரும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக இயற்பியலர் பெர்னார்ட் கோஹன் 1995ல் 1,601 கவுண்டிகளின் சராசரி ரேடானையும் நுரையீரல் புற்றுநோய் இறப்பையும் ஒப்பிட்டு, ரேடான் கூடினால் இறப்பு குறைகிறது என்று காட்டினார். பெரும் சர்ச்சையானது. கோளாறு தரவில் இல்லை. ரேடான் கூடிய கவுண்டிகளில் புகைப்பவர்கள் குறைவு. அதோடு, ரேடானின் தீங்கு புகைப்பழக்கத்தோடு பெருகுவது; எந்த வீட்டில் எந்த ரேடானை எந்தப் புகைப்பவர் சுவாசித்தார் என்பது கவுண்டிச் சராசரியில் தொலைந்துபோகிறது. ஆள் ஆளாகப் பார்த்த ஆய்வுகள் வேறு விடை தந்தன. சாரா டார்பி தலைமையில் 13 ஐரோப்பிய ஆய்வுகளை இணைத்து 2005ல் வெளியான கணக்கில் 7,148 நோயாளிகள், 14,208 மற்றவர்கள். நீண்டகால ரேடான் 100 பெக்கெரல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு 16 சதவீதம் கூடுகிறது. புகைக்காதவருக்கு 75 வயதுக்குள் அந்நோயால் இறக்கும் வாய்ப்பு ரேடானே இல்லாவிட்டால் 0.4 சதவீதம், 400 பெக்கெரலில் 0.7. புகைப்பவருக்கு அதே மாற்றம் 10லிருந்து 16.

பிரிட்டனின் கணக்கு இங்கிருந்துதான் சுவாரசியமாகிறது. அங்கே வீடுகளின் சராசரி 21 பெக்கெரல். நடவடிக்கை எடுக்க வேண்டிய வரம்பு 200. கார்ன்வால், டெவன் கிரானைட் பகுதிகளில் இந்த வரம்பைத் தாண்டிய வீடுகளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வதே நெடுநாள் கொள்கை. 2009ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட ஆய்வு, ரேடானோடு தொடர்புடைய நுரையீரல் புற்றுநோய் இறப்பு ஆண்டுக்குச் சுமார் 1,100 என்றும், அதில் 85 சதவீதத்துக்கு மேல் 100 பெக்கெரலுக்கும் குறைவான அளவுகளிலிருந்தே வருகிறது என்றும் மதிப்பிட்டது. அந்த இறப்புகளில் பெரும்பாலானவை ரேடானும் புகைப்பழக்கமும் சேர்ந்து விளைவித்தவை. தனி வீடாகப் பார்த்தால் வாலில் உள்ள வீடு ஆபத்தானது. நாடாகப் பார்த்தால், கோடிக்கணக்கானவர்கள் குடியிருக்கும் வளைகோட்டின் பருத்த நடுப்பகுதிதான் அதிகம் பேரைக் கொல்கிறது. பழைய வீடுகளைத் தேடித் திருத்தும் கொள்கை செலவுக்கு ஏற்ற பலன் தரவில்லை என்பது அவர்கள் முடிவு. புதிதாகக் கட்டும்போது தளத்துக்கு அடியில் காற்றுப்புகா நெகிழித் தாள் விரிப்பதைச் சில பகுதிகளோடு நிறுத்தாமல் நாடு முழுவதும் கட்டாயமாக்கலாம் என்றார்கள்.

தாள் விரிப்பது எந்த ஒரு வீட்டிலும் பெரிய அதிசயம் செய்யாது. எல்லா வீட்டிலும் ரேடானைப் பாதியாக்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். நீரோவின் வளைகோட்டில் 36 என்ற நடு அளவு 18 ஆகும், 2.84 அப்படியே நிற்கும். 300 பெக்கெரலைத் தாண்டும் வீடுகள் அப்போது பாதியாக அல்ல, ஆறில் ஒரு பங்காகக் குறையும்: நூற்றுக்கு இரண்டு என்பது ஆயிரத்துக்கு மூன்று, நாலு. யார் வீடு என்று யாரும் தேடிப் போகாமலே.